பின் அடித்த இரண்டு தாள்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மாதேஸ்வரி வீட்டில் இருக்கக் கூடாது. அந்த வாரம் அவளுக்கு முதல் ஷிப்ட். ஐந்தேகாலுக்கே கம்பெனி பஸ் ஓசூர் மத்திகிரி முனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அவள் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே வெளுத்துப்போன கம்பெனி நீலக் கோட்டைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். பரீட்சை லீவில் வீட்டிலிருந்த பக்கத்து வீட்டு ஜைபா புத்தகத்தோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னாக்கா, இன்னிக்கு லீவா?"

"லீவு இல்ல. வேணாம்னு அனுப்பிட்டாங்க." மாதேஸ்வரி நிமிரவில்லை. "எனக்கு மனசு சரியில்லையாம். லைன்ல நிக்க வெச்சா ஒயர மாத்திக் குத்திருவனாம். மொத்தம் ஒம்பது பேரு. வெள்ளிக்கெழம வந்து மறுபடியும் பரீட்ச எழுதணுமாம்."

"என்ன பரீட்ச?"

"நீ கொண்டாந்து குடுத்தியே பாப்பா, அதே தாளுதான்."

ஜைபாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம்தான் எதற்குக் கோபம் என்பதே அவளுக்குப் புரியும். அன்றைக்கும் அப்படித்தான். காது கொதித்தது, புத்தி ஒரு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஜைபாவின் அப்பா அப்பாஸ் வெங்காய மண்டியிலிருந்து வந்து தும்மினால் மாதேஸ்வரி வீட்டில் கேட்கும். மாதேஸ்வரி ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்லாவி ஊர்க்காரி. வயது இருபத்தொன்பது. பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். ஏழு வயது மகளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தாள். வருகிற மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. நிரந்தரம் என்று ஒரு கடிதம் கையில் வந்துவிட்டால் மகளைக் கூட்டிவந்து மத்திகிரி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் அவள் இரண்டு வருடமாக யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திறக்க வைத்தது ஜைபா.

ஜைபா படிக்கிற கல்லூரியில் உளவியலையும் சமூகவியலையும் இரட்டை முதன்மைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கள ஆய்வு. ஆனால் இரண்டு ஆசிரியர்களுக்கும் ஆகாது. உளவியல் நிர்மலா மேடம் இருபத்துநான்கு வாக்கியம் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். 'காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை', 'நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறது' என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று நான்கு கட்டம். சமூகவியல் பூபதி சார் வேறொரு தாள் கொடுத்தார். ஊர், வயது, சாதி, கல்யாணம், பிள்ளைகள், வீட்டில் யார் யார், எந்த லைன், ஹாஸ்டலா வாடகை வீடா, ஒரு ஷிப்டில் எத்தனை முறை கழிப்பறைக்கு விடுகிறார்கள். இரண்டிலும் பெயர் கிடையாது. இரண்டையும் தனித்தனிக் கட்டாகக் கொடுத்தால் போதும் என்றார்கள். மற்ற குழுக்கள் அப்படித்தான் கொடுத்தன. படிப்பை இரண்டாக வெட்டித் தின்பதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை.

ஜைபாதான் கெட்டிக்காரியாயிற்றே. இந்த மனசு எந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று தெரியாமல் மார்க் போட்டு என்ன பிரயோசனம் என்று கேட்டாள். ஒவ்வொரு பெண்ணின் இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே ஒன்று முதல் நாற்பத்தாறு வரை எண் போட்டாள். வகுப்பே அசந்துபோனது. நிர்மலா மேடம் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முனவர் பேகத்திடம் இரண்டு தடவை சொன்னாள் ஜைபா.

முதல் தாளை நிரப்பியவள் மாதேஸ்வரிதான். "யாருக்கும் தெரியாதுக்கா. பேரே இல்ல பாருங்க. நெசத்த மட்டும் எழுதுங்க" என்று ஜைபா கெஞ்சினாள். அந்தக் கெஞ்சலை அப்புறம் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து நாற்பத்தைந்து பேரிடம் சொன்னாள். 'காரணம் இல்லாமல் அழுகை வருகிறது' என்ற வாக்கியத்தில் மாதேஸ்வரி பேனாவை நிறுத்தினாள். "காரணம் இருந்து அழுதா எதுல போடறது?" என்று கேட்டாள். ஜைபா சிரித்துவிட்டு, அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். அறிக்கைக்கு நல்ல தொடக்கமாக இருக்கும் என்று அப்போது நினைத்தாள்.

இப்போது குழாயடியில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். சி லைனில் கல்லாவியிலிருந்து வருகிறவள் எத்தனை பேர்? ஒருத்தி. இருபத்தொன்பது வயது, ஒரு பெண் குழந்தை, புருஷன் கூட இல்லை. பெயர் எதற்கு? மனசுத் தாள் தனியாகப் போயிருந்தால் அது யாருடைய மனசு என்று ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. ஊர்த் தாள் தனியாகப் போயிருந்தால் அதில் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தது யார்?

அந்த நிமிடம் அவளுக்குத் தன் கையையே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அரை மணி நேரத்தில் டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். நிர்மலா மேடம் துறை அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்கு நம்ம ஃபாரத்தக் குடுத்தீங்களா மேடம்?"

"ஆமா. ஒப்பந்தத்துலயே இருக்கு ஜைபா. உள்ள விட்டாங்கல்ல, அதுக்கு மூலத் தரவு கேட்டாங்க. நம்ம பிள்ளைங்க நாலு பேருக்கு அங்க வேலை தர்றேன்னும் சொல்லியிருக்காங்க. பெயர்தான் இல்லையே."

"ஊர் இருக்கு மேடம். லைன் இருக்கு. கொழந்த எத்தனைன்னு இருக்கு. ஒம்பது பேரத் தேடிப் புடிச்சு வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க."

நிர்மலா மேடம் பேனாவை மூடி வைத்தார். முகம் மாறியது உண்மை. கெட்டவர் இல்லை அவர். மாறிய முகத்தை உடனே சரி செய்துகொள்ளத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"தண்டனையா நினைக்காத. அவங்களுக்கு கவுன்சிலிங் ஏற்பாடு பண்றாங்க. நானே போய் ரெண்டு நாள் பேசப் போறேன். வெள்ளிக்கிழமை மறுபடி அதே தாள். மதிப்பெண் இறங்கினா லைனுக்குத் திரும்பப் போகலாம். நல்லதுதானே?"

"அழுத்தம் எதனாலன்னு ரெண்டாவது தாள்ல இருக்கே மேடம். முப்பத்திரண்டு பேர் நிக்கற லைனுக்கு ஒரே ஒரு அட்ட. அந்த அட்ட கையில இருந்தாத்தான் கழிப்பறைக்குப் போகலாம். அத யாராவது படிச்சாங்களா?"

"அது பூபதி சார் பகுதி."

"அப்ப ரெண்டையும் சேத்து ஏன் குடுத்தீங்க?"

"நீதானேம்மா பின் அடிச்ச?"

ஜைபா விருட்டென்று திரும்பினாள். பக்கத்து அறையில் பூபதி சாரிடம் போனாள். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்துவிட்டு, தன் தாளில் மனசைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, அதனால் இது தன் பக்கம் வராது என்றார். ஒருவருக்கு ஊர் வேண்டாம், இன்னொருவருக்கு மனசு வேண்டாம். படிப்பு சொல்லிக்கொடுக்க இரண்டு பேர், பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை. ஜைபா கல்லூரி வாசலில் நின்று வாய்விட்டுத் திட்டினாள். காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு, போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் மாதேஸ்வரி வீட்டுத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஜைபா ஒரு வெற்றுத் தாளைக் கொண்டுவந்திருந்தாள்.

"காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. என்னா போடுவீங்க?"

"அடிக்கடி."

"இல்லவே இல்லன்னு போடுங்க."

மாதேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போன தடவ நெசத்த எழுதுன்னு தலதலயா அடிச்சிக்கிட்டது நீதான?"

"நான்தான். இப்ப பொய்ய எழுதுங்கன்னு சொல்றதும் நான்தான்."

சொல்லிக்கொடுத்தாள். மூன்று வருடம் படித்ததை எல்லாம் அந்தத் தரையில் கொட்டினாள். எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டால் சந்தேகம் வரும், தலைவலிக்கும் களைப்புக்கும் 'எப்போதாவது' போட வேண்டும். நடுவில் மூன்று வாக்கியம் பொய்யரைப் பிடிப்பதற்கென்றே வைத்தது. 'எனக்குக் கோபமே வந்ததில்லை' என்று வரும், அதற்கு 'எப்போதும்' போட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாதேஸ்வரி கெட்டிக்காரி, இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி கேள்வியும் பதிலும் ஓடின.

"காரணம் இல்லாமல் அழுகை வருகிறது?"

"இல்லவே இல்ல."

"நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது?"

மாதேஸ்வரி தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். "இத எங்கிட்ட மொதமொத கேட்டதே நீதான் பாப்பா. எங்கம்மாகூடக் கேட்டதில்ல. அதனாலதான் அன்னிக்கு எழுதிப்புட்டன்." அப்புறம் தாளைப் பார்த்து, "இல்லவே இல்ல" என்றாள்.

ஜைபாவுக்கு அழுகை வந்தது. அழுதால் நியாயமாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாதேஸ்வரி போன் போட்டு மற்ற ஏழு பேருக்கும் பாடத்தைக் கடத்தினாள். ஒன்பதாவது ஆள் டி லைன், ஹாஸ்டலில் இருப்பவள், புதிதாக வந்தவள். யாரிடமும் அவள் நம்பர் இல்லை. ஜைபா ஹாஸ்டல் கேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பெயர் சொன்னால் கூப்பிடுகிறேன் என்றார்கள். பெயர் அவளுக்குத் தெரியாது. தன்னிடமிருந்த நகல்களைப் புரட்டிப் பிடித்தது முப்பத்தொன்று என்ற எண் மட்டும்தான்; அதிலிருந்த ஊரையும் வயதையும் கேட்டில் சொல்லி அவளை இன்னொரு தடவை காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை நடந்தது. மாதேஸ்வரியின் மதிப்பெண் நாற்பத்தொன்றிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. எட்டுப் பேர் திங்கட்கிழமை லைனுக்குத் திரும்பினார்கள். முப்பத்தொன்று திரும்பவில்லை. அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூடியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் நிர்மலா மேடம், பூபதி சார், நடுவில் வெளித் தேர்வாளராகக் கம்பெனியின் எச்.ஆர். மேலாளர் கிருஷ்ணப்பன். தொழில்துறை நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதியாம். அறிக்கையின் கடைசியில் ஜைபா எழுதாத ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. ஆலோசனைக்குப் பின் எட்டுப் பேரின் மன அழுத்தம் வியக்கத்தக்க அளவு குறைந்தது என்றும், தினம் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி தரலாம் என்றும் இருந்தது. கழிப்பறை அட்டை பற்றி ஒரு எழுத்து இல்லை. மேலே ஜைபாவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

"வெரி குட் ஒர்க்" என்றார் கிருஷ்ணப்பன். கன்னடம் கலந்த தமிழ், குரலில் நல்ல குளிர்ச்சி. "எட்டு பேருக்கு இவ்ளோ கம்மி ஆயிருக்கு. காரணம் என்னான்னு நினைக்கறீங்கம்மா?"

எங்கள் பெண்ணுக்குக் காது கொதித்தது. காரணம் அவளுக்குத் தெரியும். சொன்னால் மாதேஸ்வரியின் கடிதம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு மேலே அவள் பெயர் நிரந்தரமாக நிற்கும். இப்படி ஒரு கோபத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்பதுதான் உலகத்திலேயே கொடுமை.

"முப்பத்தொண்ணாம் நம்பர் என்ன ஆனாங்க சார்?" என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரெஸ்ட் தேவை. ஊருக்கு அனுப்பிட்டோம். அவங்க நல்லதுக்குத்தான்."

ஜைபா பையிலிருந்து இரண்டு வெற்றுத் தாள்களை எடுத்தாள். "செய்முறைய விளக்கணும் சார். ஒரு தடவ நீங்க நிரப்பிக் காட்டினா நல்லா இருக்கும். பேர் எழுத வேணாம்."

கிருஷ்ணப்பன் சிரித்தார். விளையாட்டாகச் சொந்தப் பேனாவை எடுத்து முதல் தாளைப் போட ஆரம்பித்தார். பாதிக்கு மேல் சிரிப்பு நின்றது. மனுஷன் நிஜமாகவே யோசித்துப் போட்டார். 'இரவில் தூக்கம் வருவதில்லை' என்பதில் அவர் பேனா 'எப்போதும்' கட்டத்துக்குப் போனதை ஜைபா பார்த்தாள். ஒரு நொடி அவர்மீது அவளுக்குப் பாவமாக இருந்தது. முடிந்ததும் இரண்டாம் தாளை நகர்த்தினாள். சொந்த ஊர், வயது, பதவி, பிள்ளைகள். அவர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, ஜைபா கையில் ஸ்டேப்ளர் இருந்தது.

"இதையும் அதையும் ஏன் ஒண்ணா சேக்கறீங்க?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டையும் சேத்துத்தான் சார் படிக்கறோம்."

கிருஷ்ணப்பன் முதல் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார்.

"அவங்க கோட்டுல பை கெடையாது சார்" என்றாள் ஜைபா. "ஒயர் களவு போகும்னு பை வெக்காமத் தெச்சுக் குடுத்திருக்கீங்க."

பூபதி சார் மேசையைப் பார்த்தார். நிர்மலா மேடம், "போதும் ஜைபா, நீ வெளியே இரு" என்றார். அவளுக்கு நூற்றுக்கு நாற்பது போட்டார்கள். பாஸ்தான். நாற்பதுக்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும், அதனால் நாற்பது.

மாதேஸ்வரிக்குக் கடிதம் வந்தது. மகளைக் கூட்டிவந்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், ஜைபா வீட்டுக்கு லட்டு கொடுத்தாள். ஆனால் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுவது ஒற்றைச் செங்கல் சுவர் வழியாகக் கேட்டது. ஒரு நாள் ஜைபா வெளியே காத்திருந்து, "என்னாச்சுக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லியே" என்றாள் மாதேஸ்வரி. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பழகிய அதே குரல், அதே வேகம். கற்றுக்கொடுத்தவளிடமே பாடத்தை ஒப்பித்துவிட்டு உள்ளே போனாள். ஜைபாவால் அதை மட்டும் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஊத்தங்கரைக்கு ஒரு பஸ், அதற்கப்பால் திருவண்ணாமலை சாலையில் ஒரு டவுன் பஸ் என்று மாறி, முப்பத்தொன்றாம் தாளில் எழுதியிருந்த ஊரில் இறங்கினாள். நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பெயர் தெரியாது என்பதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. நகலைப் பார்த்துப் படித்தாள்.

"வயசு இருபத்துமூணு. அப்பா இல்ல. தங்கச்சி ரெண்டு. ஓசூர் கம்பெனில வேல பாத்தாங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தக்கூட இல்லை. "நம்ம சுகுணாவக் கேக்கறியா? அந்தப் புளியமரத்துக்குப் பின்னால தகரச் சீட்டு போட்ட வூடு."

இவ்வளவுதான். பெயரே இல்லை, யாருக்கும் தெரியாது என்று நாற்பத்தாறு பேரிடம் சத்தியம் செய்த ரகசியம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஜைபா வெயிலில் நடந்தாள். காது கொதித்தது. இந்தத் தடவை யார்மீது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சுகுணா வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, தங்கச்சியின் நைட்டியில் இருந்தாள். ஜைபாவைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, எழுந்து நின்றாள்.

"கேன்டீன்ல தாளு குடுத்த அக்காதான? வாங்க, உக்காருங்க." தங்கச்சியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

ஜைபா உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது தயார் செய்த வார்த்தை எதுவும் வரவில்லை. "ரெண்டாவது தடவ ஏம்மா அப்படியே எழுதுன?" என்று மட்டும் கேட்டாள்.

சுகுணாவுக்குக் கேள்வியே புரியவில்லை. சொம்பை வாங்கி ஜைபாவிடம் நீட்டினாள்.

"நீங்கதானக்கா நெசத்த எழுதச் சொன்னீங்க" என்றாள்.